ஷாம்பூ விற்ற சிப்பாய்: பாட்னா தீன் முகமதுவும் அவர் பிள்ளைகளும்

கேள்வி இதுதான்: "ஷாம்பூவைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியச் சிப்பாய், லண்டனில் முதல் இந்திய ஓட்டலைத் திறந்தவரும் அவரே என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா? அப்படியானால் அவர் குடும்பம் என்ன ஆனது?"

பாதி உண்மை. நாம் ஒரு ரூபாய் பாக்கெட்டில் கிழித்துத் தலையில் தேய்க்கிற ஷாம்பூவுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ஷாம்பூ என்றால் கை கால் பிடித்துவிடுவது, உடம்பை அமுக்கிவிடுவது. இந்தியில் அமுக்கு, அழுத்து என்று பொருள்படும் 'சாம்ப்போ' என்ற சொல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள், அது தலைக்குக் குளிக்கிற சமாச்சாரமாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆகவே அவர் ஷாம்பூ போட்டது தலைக்கல்ல, முட்டிக்கும் முதுகுக்கும். ஓட்டல் விஷயம் சரி. ஆனால் அந்த ஓட்டல் இரண்டு வருடத்தில் மஞ்சள் கடிதாசி கொடுத்ததை அந்தச் செய்தி சொல்லாது. 2019 ஜனவரி 15 அன்று கூகுள் அவர் படத்தை முகப்பில் போட்டதிலிருந்து இந்தக் கதை அரைகுறையாகவே சுற்றுகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெயர் ஷேக் தீன் முகமது. ஆங்கிலேயர்கள் அதைப் பல விதமாக எழுதினார்கள், அவரே பல விதமாகக் கையெழுத்துப் போட்டார். பிறந்தது 1759, பாட்னா. இந்த வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதில் ஒரு தில்லுமுல்லு வரும். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் அதிகாரி. அப்போது படை என்பது எதிரி நாட்டோடு சண்டை போட மட்டும் இல்லை, வரி கட்டாத ஜமீன்தார்களிடம் வசூல் பண்ணப் போவதும் அதன் வேலைதான். அப்படி ஒரு வசூலுக்குப் போன இடத்தில் நடந்த சண்டையில் அப்பா செத்துப்போனார். வங்காளத்திலும் பீகாரிலும் பெரும் பஞ்சம் தலைதூக்கிய நேரம் அது. மக்களிடம் சோற்றுக்கே வழியில்லாத போது வரி கேட்டால் வேறென்ன நடக்கும்.

அப்பா பார்த்த வேலை அண்ணனுக்குப் போனது. பத்து, பதினொரு வயது தீன் அம்மாவோடு பாட்னாவில் இருந்தான். அந்த வயதுப் பையனுக்கு யூனிஃபார்ம் என்றால் ஒரு மயக்கம், வெள்ளைக்கார அதிகாரிகள் கூடும் இடங்களில் போய் நின்று வேடிக்கை பார்ப்பான். அங்கேதான் காட்ஃப்ரி பேக்கர் என்ற இளம் ஐரிஷ் அதிகாரியின் கண்ணில் பட்டான். பேக்கர் அயர்லாந்தின் கார்க் நகரத்துக்காரர், அவரும் அப்போதுதான் படைக்கு வந்து சேர்ந்த கற்றுக்குட்டி. 1769-ல் அவரோடு முகாமுக்குக் கிளம்பிவிட்டான் பையன். அம்மா தேடிக்கொண்டு வந்து கெஞ்சினார். வரமாட்டேன் என்றுவிட்டான். இதைப் பல வருடம் கழித்து அவரே எழுதுகிறார், அம்மாவின் அழுகையையும் சேர்த்து. வீரத்தனமாக எதுவும் பூசிச் சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு அந்தப் பகுதி பிடிக்கும்.

அடுத்த பதினைந்து வருடம் பேக்கர் போகும் இடமெல்லாம் அவரும் போனார். முதலில் முகாமோடு ஒட்டிக்கொண்ட பையன், அப்புறம் படையின் சந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. இது சின்ன வேலையாகத் தெரியலாம். ஆயிரக்கணக்கான ஆட்களும் அவர்களைவிட அதிகமான வேலையாட்களும் மாடுகளும் ஊர் ஊராக நகரும்போது தினமும் அரிசி, பருப்பு, தீவனம் எங்கிருந்து, என்ன விலைக்கு வாங்குவது என்பதுதான் படையின் பிழைப்பே. கடைசியில் ஜமேதார், அதற்கு மேல் சுபேதார். 1781-ல் காசி மன்னர் சேத் சிங்குக்கும் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸுக்கும் பணத் தகராறு முற்றி, மன்னரைக் கைது பண்ணப் போன சிப்பாய்களை ஊர் ஜனம் வெட்டிப் போட்டு, ஹேஸ்டிங்ஸ் சுனார் கோட்டைக்குத் தப்பி ஓடினாரே, அந்தக் கலகத்தை அடக்கிய படைகளில் பேக்கரின் பட்டாளமும் உண்டு, அதில் தீன் முகமதுவும் உண்டு. சொந்த நாட்டு ஆட்களுக்கு எதிராகத்தானே சண்டை போட்டார் என்று இன்று கேட்பது சுலபம். அப்பா செய்த வேலை அது, அண்ணன் செய்த வேலை அது, அவருக்கும் அதுதான் வேலை.

பேக்கர் சீக்கிரமே மாட்டிக்கொண்டார். கிராமத்தாரிடம் பணம் பறித்ததாகப் புகார், 1782-ல் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டு, ராஜினாமா. கூடவே சுபேதார் பதவியை உதறிவிட்டு தீன் முகமதுவும் கிளம்பினார். 1784-ல் இருவரும் கப்பலேறி அந்த வருடமே இங்கிலாந்தின் டார்ட்மத்தில் இறங்கி, அங்கிருந்து கார்க் போய்ச் சேர்ந்தார்கள். அவருக்கு வயது 25. அதற்குப் பிறகு அவர் இந்தியாவைப் பார்க்கவே இல்லை.

கார்க்கில் பேக்கர் குடும்பம் செல்வாக்கானது. அவர்கள் வீட்டோடு இருந்துகொண்டு தீன் முகமது பள்ளிக்கூடம் போய் ஆங்கிலம் படித்தார். 1786-ல் பேக்கர் இறந்துவிட்டார். அதே வருடம் இவர் ஜேன் டேலி என்ற உள்ளூர்ப் பெண்ணோடு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார். அதற்காகப் புராட்டஸ்டண்ட் ஆனார், அன்றைய அயர்லாந்துச் சட்டத்தில் வேறு வழி கிடையாது. ஓடிப்போனவர்கள் திரும்பி வந்து அதே ஊரில் கௌரவமாகக் குடித்தனம் நடத்தினார்கள். இது அவர் சொந்தப் பெருமைப்பேச்சு அல்ல, வெளி ஆளின் சாட்சி இருக்கிறது: 1799-ல் லக்னோக்காரர் அபு தாலிப் கான் ஐரோப்பா போகும் வழியில் கார்க்கில் இறங்கினார். பேக்கரின் சகோதரர் வீட்டில் தீன் முகமதுவைச் சந்தித்து, தனி வீடு, வசதி, அழகான பிள்ளைகள், புத்தகம் வேறு எழுதியிருக்கிறார் என்று தன் பாரசீகப் பயண நூலில் குறித்து வைத்தார். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, ஐரிஷ் வீட்டுக் கூடத்தில் இன்னொரு இந்துஸ்தான்காரரைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்!

அந்தப் புத்தகம் 1794-ல் கார்க்கில் இரண்டு பாகமாக வந்தது. இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம். ஒரு நண்பருக்கு எழுதுவதுபோல் 38 கடிதங்கள்: பாட்னா, காசி, அலகாபாத், டாக்கா, கல்கத்தா, கல்யாணச் சடங்கு, வெற்றிலை போடுவது, படை நகர்வது என்று. அச்சுச் செலவுக்கு அவர் பிடித்த வழி, முன்பணம். வீடு வீடாக ஏறி இறங்கி 320 பேரிடம் சந்தா சேர்த்தார். புத்தகம் வருவதற்கு முன்பே காசு கொடுத்தவர்கள் பட்டியலில் கார்க் பக்கத்துப் பெரிய மனிதர்கள் நிறைய. பெருமைப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கதி: அதில் சில பத்திகள் அவருக்கு முன்னால் இந்தியாவைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரர்களின் புத்தகங்களிலிருந்து அப்படியே எடுத்தவை. அந்தக் காலத்தில் பயண நூல் எழுதிய பலரும் இதைச் செய்தார்கள். தான் பார்க்காத ஊருக்கு அடுத்தவர் கண்ணைக் கடன் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். படை, முகாம், அப்பா சாவு, அம்மா அழுகை எல்லாம் அவருடையவை.

1807 வாக்கில் லண்டனில் இருக்கிறார், போர்ட்மன் சதுக்கம் பக்கம். அங்கேதான் நம் மெட்ராஸ் வாசனை அடிக்கிறது. அந்தச் சதுக்கத்தில் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துப் பிரபு வீட்டுப் பிள்ளை குடியிருந்தார். மெட்ராஸில் கம்பெனி உத்தியோகம் பார்த்துக்கொண்டே, கடற்படைக் கப்பல்களுக்கு உணவுப் பொருள் சப்ளை பண்ணும் குத்தகையில் பெரும் பணம் சம்பாதித்து ஊர் திரும்பியவர். வீட்டிலேயே ஒரு நீராவிக் குளியல் அறை கட்டி, நோயாளிகளுக்கு ஆவி பிடிக்க வைத்தார். அங்கே வேலைக்குச் சேர்ந்த தீன் முகமது, ஆவியோடு உடம்பு பிடித்துவிடுவதையும் சேர்த்தார். ஒருவர் கடற்படைக்கு அரிசி கொடுத்தவர், இன்னொருவர் பட்டாளத்துக்குச் சந்தை போட்டவர், இருவரும் லண்டனில் வெந்நீர் ஆவியில் சந்திக்கிறார்கள். இது நான் சேர்த்த மசாலா இல்லை, நடந்ததே இப்படித்தான்.

அப்புறம்தான் ஓட்டல். 1810-ல் ஜார்ஜ் தெரு 34-ஆம் எண்ணில் 'ஹிந்தோஸ்தான் காபி ஹவுஸ்'. பெயர்தான் காபி ஹவுஸ், உள்ளே கறிக் குழம்பும் சோறும் ஹூக்காவும். மூங்கில் நாற்காலி, சுவரில் இந்தியக் காட்சிப் படங்கள், புகைபிடிக்கத் தனி அறை. 1811 மார்ச்சில் டைம்ஸ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்: 'இந்திய ஜென்டில்மேன்'கள் அசல் சில்லம் புகையிலையோடு ஹூக்கா பிடிக்கலாம், இங்கிலாந்தில் இதுவரை சமைத்த எந்தக் கறியும் இதற்கு ஈடாகாது என்கிற தோரணையில். இந்திய ஜென்டில்மேன் என்றதும் நம்மவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் இருபது முப்பது வருடம் இருந்துவிட்டு, பணத்தோடும் கெட்டுப்போன ஈரலோடும் ஓய்வுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர்களுக்கு அன்று அந்தப் பெயர்.

முதல் கறி விற்றவர் அவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கறி செய்யும் குறிப்பு 1747-லேயே ஆங்கிலச் சமையல் புத்தகத்தில் அச்சாகிவிட்டது, 1770-களில் லண்டன் ஹேமார்க்கெட் பகுதியில் ஒரு காபி ஹவுஸ் கறி பரிமாறியது. இந்தியர் ஒருவரே முதலாளியாக இருந்து, கடை முழுவதையும் இந்தியச் சாப்பாட்டுக்காகவே நடத்தியதுதான் இவருடைய 'முதல்'.

ஏன் கவிழ்ந்தது? கடை பிடித்த இடமும் குறிவைத்த ஆட்களும் எனக்குக் காரணமாகப் படுகின்றன. இந்தியாவிலிருந்து திரும்பிய பணக்காரர்கள் வீட்டிலேயே சமையல்காரன் வைத்திருந்தார்கள், மசாலா வாசனையே ஒத்துக்கொள்ளாத சாதாரண லண்டன்காரன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். நகரின் நடுவில், கம்பெனி அலுவலகங்களுக்குப் பக்கத்தில் இருந்த பழைய காபி ஹவுஸ்கள் அந்த வியாபாரத்தை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தன. இவர் கடனை வாங்கி அலங்காரத்தில் கொட்டினார். 1812-ல் திவால். கடை மட்டும் அதே பெயரில் வேறு கைகளுக்குப் போய் 1833 வரை ஓடியது என்பதுதான் வேடிக்கை. சரக்கு விலைபோகும் சரக்கு, முதல் போட்டவர் தாக்குப்பிடிக்கவில்லை.

53 வயதில், பிள்ளைகுட்டியோடு, திவாலான ஆள். 1813-ல் அதே டைம்ஸில் இன்னொரு விளம்பரம் வருகிறது: முன்னாள் ஹிந்தோஸ்தான் காபி ஹவுஸ் முகமதுவுக்கு வேலை வேண்டும், ஒரு கனவான் வீட்டில் பட்லராகவோ, தனி ஆளுக்கு வேலையாளாகவோ, சந்தையில் சாமான் வாங்குவதில் நல்ல பழக்கம், சமையலறையைக் கட்டி மேய்க்கத் தெரியும், டவுனானாலும் கிராமமானாலும் சரி. அவருடைய மொத்த வாழ்க்கையில் எனக்கு முக்கியமான ஆவணம் இதுதான். சுபேதார் என்றோ, புத்தகம் எழுதியவன் என்றோ அதில் ஒரு வார்த்தை கிடையாது. பட்டாளத்தில் கற்றதில் எது விலைபோகும் என்று யோசித்து, சந்தையில் பேரம் பேசத் தெரியும் என்பதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்.

அதே கணக்குத்தான் அவரை பிரைட்டனுக்குக் கொண்டுபோனது என்று நினைக்கிறேன். சோறு விற்றுப் பார்த்தாயிற்று, மிச்சமிருந்தது காக்ரேன் வீட்டு வித்தை. இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் பிரைட்டன் ஒரு காலத்தில் மீனவர் ஊர். கடல் தண்ணீரில் குளித்தால், குடித்தால்கூட, நோய் தீரும் என்று ஒரு மருத்துவர் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கிளப்பிவிட, பணக்காரர்கள் குவிந்தார்கள். அப்புறம் வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் ஜார்ஜ் மன்னர் ஆனவர்) வந்து தங்க ஆரம்பித்ததும் ஊரின் மதிப்பு எங்கோ போய்விட்டது. 1815-லிருந்து ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் அவருக்காக மொகலாயக் கும்மட்டங்கள் வைத்து ஒரு மாளிகையையே கட்டிக்கொண்டிருந்தார். இந்தியா என்றால் ஃபேஷன். சரியான நேரத்தில் சரியான ஊர்.

1814-ல் போய், முதலில் வேறொருவர் குளியலறையில் வேலை, அப்புறம் சொந்தமாகச் சின்னதாக ஒன்று, 1821-ல் கடற்கரையை ஒட்டி கிங்ஸ் ரோட்டில் பெரிய கட்டடமாக 'முகமதுவின் குளியல் நிலையம்'. இன்று அந்த இடத்தில் குவீன்ஸ் ஹோட்டல் நிற்கிறது.

உள்ளே என்ன நடந்தது? சளி பிடித்தால் நொச்சி இலை போட்டு, போர்வையை மூடிக்கொண்டு வேது பிடிப்போமே, அதையே உடம்பு முழுக்கச் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்திய மூலிகைகள் போட்ட ஆவி ஒரு ஃப்ளானல் துணிக் கூடாரத்துக்குள் வரும், நோயாளி அதற்குள் உட்கார்ந்து வியர்த்துக் கொட்டுவார். கூடாரத்தில் சட்டைக் கைபோலத் தைத்த துளைகள் இருக்கும், பிடித்துவிடுபவர் வெளியே நின்றபடி அதில் கையை நுழைத்து உடம்பைப் பிசைவார். கௌரவத்துக்குக் கௌரவம், வைத்தியத்துக்கு வைத்தியம். வெட்கப்படுகிற சீமாட்டிகளுக்குத் தனிப் பகுதி, அதை ஜேன் பார்த்துக்கொண்டார். வந்தவர்களெல்லாம் வாதம், மூட்டுப் பிடிப்பு, சுளுக்கு, ஆஸ்துமா, கை கால் விளங்காமை என்று வந்தவர்கள். குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களை வாசல் கூடத்தில் மாட்டி வைத்தார். நம் ஊரில் வேளாங்கண்ணியில் வெள்ளியில் கை கால் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த உத்தி எப்படி வேலை செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

1820-ல் குணமான நோயாளிகளின் கடிதங்களைத் தொகுத்து ஒரு சிறு புத்தகம், 1822-ல் ஷாம்பூயிங் பற்றியே பெரிய புத்தகம், அதற்கு மறுபதிப்புகளும் வந்தன. ஜார்ஜ் மன்னர் தன் 'ஷாம்பூயிங் சர்ஜன்' என்று நியமித்தார், அவருக்குப் பின் வந்த வில்லியமும் அதைத் தொடர்ந்தார். கிழக்கத்திய உடை, இடுப்பில் குத்துவாள் என்று அவர் அரசவைக்குப் போட்டுக்கொண்டு போன அலங்காரத்தைப் படங்களில் பார்க்கலாம். சிப்பாயாக இருந்தபோது அப்படியெல்லாம் உடுத்தியிருக்கவே மாட்டார்.

தில்லுமுல்லு என்றேனே, அது இந்த 1822 புத்தகத்தில்தான். அதில் தான் பிறந்தது 1749 என்று எழுதினார். ஏன் பத்து வருடம் முன்னால் தள்ளினார்? படையில் சேர்வதற்கு முன்பே கல்கத்தாவில் மருத்துவம் படித்து, சர்ஜனாகவே படைக்குப் போனதாகக் கதை கட்ட அந்தப் பத்து வருடம் தேவைப்பட்டது. முதல் புத்தகத்தில் அம்மாவை விட்டுவிட்டு ஓடிய பத்து வயதுப் பையன், இரண்டாவது புத்தகத்தில் பட்டம் பெற்ற இளைஞன் ஆகிவிட்டான். 'ஷேக்' என்ற முன்னொட்டும் மருத்துவக் காலத்தில்தான் முன்னுக்கு வருகிறது. இந்தப் பொய்யை அவர் ரசிகர்கள் மறைப்பதும், எதிரிகள் இதை வைத்து அவரைப் போலி வைத்தியர் என்பதும் இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. இங்கிலாந்து டாக்டர்களே அட்டையைக் கடிக்கவிட்டும் நரம்பைக் கீறியும் ரத்தத்தை வடித்துக்கொண்டிருந்த காலம். ஆவியும் அழுத்தமும் மூட்டு வலிக்கு நிஜமாகவே இதம் தரும், யாரையும் கொல்லாது. கையில் வித்தை இருந்தது, காகிதம் இல்லை, காகிதத்தைத் தானே எழுதிக்கொண்டார். பொய் பொய்தான், ஆனால் அவர் குணமாக்கியதாகச் சொன்னவர்கள் தங்கள் ஊன்றுகோலை அங்கே விட்டுத்தானே போனார்கள்.

இப்போது குடும்பம். இதில் முதலில் ஜேன் யார் என்பதே ஒரு முடிச்சு. 1786-ல் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது ஜேன் டேலி. பிரைட்டன் புனித நிக்கோலஸ் தேவாலயத்துக் கல்லறையில் அவரோடு புதைக்கப்பட்ட மனைவி ஜேன், 1850 டிசம்பரில் தன் 70-ஆவது வயதில் இறந்ததாகக் கல் சொல்கிறது. அப்படியென்றால் 1780-ல் பிறந்தவர், 1786-ல் ஆறு வயது. கணக்கு உதைக்கிறது. லண்டன் மேரில்போன் தேவாலயப் பதிவேட்டில் 1806-ல் இவர் பெயருக்கும் ஜேன் ஜெஃப்ரீஸ் என்ற பெண்ணுக்கும் நடந்த ஒரு திருமணம் இருக்கிறது. அதைச் சேர்த்துப் பார்த்தால் பிரைட்டன் ஜேன் இரண்டாவது ஜேன் என்றுதான் எனக்குப் படுகிறது. பிரைட்டனில் 1815-க்குப் பிறகும் வரிசையாகப் பிள்ளைகள் பிறந்தன, 1786-ல் கல்யாண வயதில் இருந்த பெண்ணுக்கு அது நடக்கிற காரியமா? டேலி அதற்குள் இறந்திருந்தாரா, இல்லை இரண்டு மனைவியா என்று ஆராய்ச்சியாளர்கள் சண்டை போடுகிறார்கள். கார்க் ஜேனின் காதல் கதையை அப்படியே பிரைட்டன் கல்லறை வரை நீட்டி எழுதுபவர்கள் இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பிள்ளைகளில் பலர் அப்பா தொழிலைத்தான் எடுத்தார்கள். ஹொரேஷியோ லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் கிளை நடத்தினார், ஆர்தர் அக்பர் பிரைட்டனில் தொடர்ந்தார். ஃபிரெடெரிக் மட்டும் பாதையைக் கொஞ்சம் திருப்பி, கத்திச்சண்டை, குத்துச்சண்டை, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் கூடம் வைத்தார். சுபேதார் ரத்தம் எங்கேயாவது எட்டிப்பார்க்கத்தானே செய்யும். பெயர்களைக் கவனியுங்கள்: ஹொரேஷியோ என்பது அன்று ஆங்கிலேயர் கொண்டாடிய தளபதி நெல்சனின் பெயர், பக்கத்திலேயே அக்பர். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருந்தார் மனுஷன்.

கடைசிக் காலம் அவ்வளவு சுகமில்லை. விக்டோரியா மகாராணிக்கு பிரைட்டன் பிடிக்கவில்லை, மாளிகையை அப்புறம் ஊர் நிர்வாகத்துக்கே விற்றுவிட்டார். 1841-ல் லண்டனிலிருந்து ரயில் வந்ததும் பிரபுக்கள் போய், ஒருநாள் சுற்றுலாக் கூட்டம் வர ஆரம்பித்தது. அதே 1841-ல் கிங்ஸ் ரோடு கட்டடம் ஏலத்துக்கு வந்தது. அதில் முதல் போட்டவர் வேறொருவர், அவர் இறந்ததும் விற்றுவிட்டார்கள், ஏலத்தில் எடுக்கிற அளவு பணம் இவர் கையில் இல்லை. அரசரையே பிடித்துவிட்ட கைக்குச் சொந்தமாக ஒரு கூரை மிஞ்சவில்லை. 82 வயதில் பிளாக் லயன் தெருவில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறி, அங்கேயும் குளியல் தொழிலை விடவில்லை. 1850 டிசம்பரில் ஜேன் போனார், இரண்டு மாதத்தில், 1851 பிப்ரவரி 24 அன்று அவரும்.

குடும்பத்தில் தாத்தாவைவிட மருத்துவ உலகம் மதிக்க வேண்டிய ஆள் ஒரு பேரன். கத்திச்சண்டை ஃபிரெடெரிக்கின் மகன், ஃபிரெடெரிக் அக்பர் முகமது, 1849-ல் பிறந்தவர். தாத்தா பொய்யாகச் சொல்லிக்கொண்ட பட்டத்தைப் பேரன் நிஜமாகவே படித்து வாங்கினார். லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருக்கும்போதே, மணிக்கட்டு நாடித் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவியைத் திருத்தி, நாடியின் மேல் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம் என்று அளவு தெரியும்படி செய்தார். இன்று டாக்டர் கையில் பட்டை கட்டி பி.பி. பார்க்கிறாரே, அந்தப் பட்டை வந்தது 1896-ல், இவர் வேலை அதற்கு இருபது வருடத்துக்கு மேல் முந்தியது. அன்று சிறுநீரகம் கெட்டவர்களுக்குத்தான் ரத்த அழுத்தம் கூடும் என்று நினைத்தார்கள். நோய் அறிகுறியே இல்லாமல் நடமாடுகிறவர்களுக்கும் அழுத்தம் கூடியிருக்கலாம், அழுத்தம் முதலில் வந்து சிறுநீரகம் பின்னால் கெடலாம் என்று காட்டியவர் இவர். ஊர் ஊராக டாக்டர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி நோய் விவரம் திரட்டும் பெரிய முயற்சி ஒன்றையும் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் மூலம் முன்நின்று நடத்தினார். 1884-ல் டைபாய்டில் போய்விட்டார், வயது 35. அதனால்தான் நிறையப் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இல்லை, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதையே மறுபடி கண்டுபிடித்துப் பெயர் வாங்கினார்கள். இன்னொரு பேரன், ஜேம்ஸ் கெரிமன் முகமது, ஆங்கிலத் திருச்சபையில் பாதிரியார் ஆனார். பாதிரியார் முகமது என்று கூப்பிட்டுக்கொண்டு ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிருக்கிறார்கள்!

நேரில் பார்க்க ஆசைப்பட்டால், லண்டனில் ஜார்ஜ் தெரு 34-ஐத் தேடாதீர்கள், வீட்டு எண்கள் மாறிவிட்டன. 102-ஆம் எண் பக்கம் 2005-ல் வைத்த பச்சைப் பலகை இருக்கிறது. அதில் 1759 முதல் 1851 வரை என்று போட்டிருக்கும், அதாவது 92 வயதுக்கு உள்ளே. அங்கிருந்து ரயிலேறி பிரைட்டன் போய் நிக்கோலஸ் தேவாலயக் கல்லைப் பார்த்தால் 101 வயது என்று செதுக்கியிருக்கும். கல் செதுக்கியவர் மேல் தப்பில்லை, வீட்டில் சொன்னதைத்தான் செதுக்கினார்.